வாய் திறந்து சொல்லுங்க

வண்டி எதைக் குடித்து ஓடினாலும் சனங்களின் வாயில் வருவது 'பெட்ரோல்' மட்டும்தான். டீசல் கார்க்காரர்கூட, "பெட்ரோல் போட்டுட்டு வந்துடறேன்" என்றுதான் வீட்டில் சொல்லிவிட்டுக் கிளம்புவார். வீட்டுக்கு அது போதும். பங்க்கில் அந்தச் சொல்லை நம்பினால் இன்ஜின் அம்பேல்.

அதனால் அந்தப் பங்க்கில் வேலை பார்த்த அக்கா யாரையும் நம்ப மாட்டாள். டேங்க் மூடியைத் திறந்து, "பெட்ரோலா டீசலா, வாய் திறந்து சொல்லுங்க" என்பாள். பதிலைத் தானும் ஒருமுறை உரக்கச் சொல்வாள். அவசரக்காரர்கள் முறைப்பார்கள், கூட வேலை செய்பவர்கள் 'டீச்சரம்மா' என்று கேலி செய்வார்கள். அவள் பாட்டுக்கு அடுத்த வண்டிக்குப் போய்விடுவாள். அந்தப் பங்க்கில் ஒருவர் கேட்க வேண்டும், இன்னொருவர் நிரப்ப வேண்டும்.

நிரப்பும் வேலையை நாத்தனாருக்கு வாங்கிக் கொடுத்ததே அக்காதான். மேனேஜரின் காலில் விழாத குறை.

அன்று வந்தது வெள்ளைக் கார். "டீசல்" என்றார் ஓட்டுநர். "டீசல்!" என்று திருப்பிச் சொல்லிவிட்டு அக்கா நகர்ந்தாள். செல்போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்த நாத்தனார், கைக்கு வந்த பெட்ரோல் குழாயைச் சொருகிவிட்டாள். கார் தெருமுனையைத் தாண்டவில்லை.

மேனேஜர் கத்தினார். நாத்தனார் முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தாள்.

"அண்ணி பெட்ரோல்னுதான் சார் சொன்னாங்க."

அன்றே அக்காவுக்கு வேலை போயிற்று.

புருஷனாவது கேட்பான் என்று வீட்டுக்கு ஓடினாள். அவன் சட்டையைக் கழற்றி மாட்டியபடியே சொன்னான்: "நீ டீசல்னுதான் சொல்லியிருப்ப, எனக்குத் தெரியாதா? ஆனா அவ என் தங்கச்சி. இதப் பெருசு பண்ணாத, விட்டுடு."

தெரியாமல் பேசியிருந்தால்கூட மன்னித்திருப்பாள். தெரிந்தே சொன்னானே.

மறுநாள் சீருடையைத் திருப்பிக் கொடுக்கப் போனாள். மூடியைத் திறக்கும் இடத்தில் இப்போது நாத்தனார் நின்றாள்.

"பெட்ரோலா டீசலா, வாய் திறந்து சொல்லுங்க!"

அதே இழுப்பு, அதே குரல். அண்ணியைப் பார்த்ததும் குனிந்துகொண்டாள்.

மேனேஜர் சீருடையை வாங்கி மேசையில் போட்டார். "பாத்தியாம்மா, உன் நாத்தனார் எவ்வளவு பொறுப்பா கேக்குறா? நீயும் இப்படி ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?"