தங்கை செய்த ஹெல்மெட்

பிறர் பேசி முடிக்கட்டும் என்று காத்திருப்பவருக்குக் கடைசியில் கிடைப்பது பேசும் இடமா, காத்திருக்கும் பழக்கம் மட்டும்தானா? அக்காவின் வாழ்க்கையைப் பார்த்தவர்களுக்கு இந்தக் கேள்வி எழாமல் இருக்காது. அவள் பார்த்த வேலையும் அப்படிப்பட்டது.

துறைமுகத்தில் சரக்குப் பெட்டி ஏற்றுபவர்களுக்கு, ஒருவரோடொருவர் பேச ரேடியோ பொருத்திய ஹெல்மெட் செய்யும் சிறிய நிறுவனம் அது. நடுவில் டவர் எதுவும் இல்லாமல் ஹெல்மெட்டும் ஹெல்மெட்டும் நேராகப் பேசிக்கொள்ளும். அவை பேசும் அலைவரிசைக்கு உரிமம் தேவையில்லை. யார் வேண்டுமானாலும் புழங்கலாம். அதனாலேயே அங்கே ஓர் ஒழுங்கு உண்டு. பேசுமுன் கேட்க வேண்டும். வேறு கருவி பேசிக்கொண்டிருந்தால் பொறுக்க வேண்டும். அது ஓய்ந்ததும் காத்திருக்கும் ஒவ்வொரு கருவியும் சீட்டெடுப்பதுபோல் ஓர் எண்ணை எடுத்துக் கீழ்நோக்கி எண்ணும். முதலில் முடித்தது பேசும். இந்த ஒழுங்கை ஹெல்மெட்டுக்குள் எழுதிவைப்பதுதான் அக்காவின் வேலை.

தங்கையை அங்கே சேர்த்துவிட்டதும் அவள்தான். வந்தவள் வருஷம் திரும்புவதற்குள் தானே ஒரு ஜோடி ஹெல்மெட்டைத் தயாரித்துவிட்டாள். அக்காவுடையதில் குரல் அவ்வப்போது திக்கும். இதில் திக்கவே இல்லை. மேனேஜர் காதில் மாட்டிப் பார்த்துவிட்டு, "பக்கத்து நாற்காலியில உட்கார்ந்து பேசுற மாதிரி இருக்கு" என்றார். இரண்டையும் துறைமுகத்திலேயே சோதித்துப் பார்ப்பது, ஜெயிக்கும் செட்டைச் செய்தவரையே குழுவுக்குத் தலைமையாகப் போடுவது என்று முடிவானது. அந்தப் பதவி அக்காவுக்குத்தான் என்று எல்லோரும் பல வருஷமாகச் சொல்லிவந்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டிலும் இதே பேச்சு.

"சின்னவ ஹெல்மெட்டும் அவளை மாதிரிதான். வாய் மூடாது" என்றார் அக்காவின் கணவர்.

"உங்க வீட்டுக்காரி ஹெல்மெட் மட்டும் என்னவாம் அத்தான்? 'நீங்க முதல்ல, நீங்க முதல்ல'ன்னு வழிவிட்டுக்கிட்டே நிக்கும். அதுக்குள்ள பெட்டி தலையில இறங்கிடும்."

அம்மா புரையேறும் அளவுக்குச் சிரித்தாள். அக்காவும் சிரித்தாள். பிறகு, யாரும் கேட்காதபோதே, தண்ணீர் கொண்டுவர எழுந்துபோனாள்.

தங்கையின் மேசைப் பக்கம் யார் யார் போய் நிற்கிறார்கள் என்று அக்கா கவனிக்கத் தொடங்கியிருந்தாள். மேனேஜர் அவளிடம் பேசும்போது குனிகிறாரா, நிமிர்ந்தே பேசுகிறாரா என்பதுகூட உறுத்தியது. ஒருநாள் தங்கை வீட்டுக்குக் கிளம்பிய பிறகு அவளுடைய ஜோடியை எடுத்துவந்து கணினியில் மாட்டினாள். ஏதாவது ஒரு குறை இருந்தே தீர வேண்டும் என்பது அவள் நம்பிக்கை. இருந்தது.

வெளி அலை நுழையாத இரும்புச்சுவர் அறையில்தான் முதலில் சோதிப்பார்கள். அங்கே கருவிகள் மிக நெருக்கத்தில் இருப்பதால் பக்கத்துக் கருவியின் சத்தம் தடுக்காதபடி, எவ்வளவு சத்தம் கேட்டால் பொறுக்க வேண்டும் என்ற அளவை உயர்த்திவைப்பது வழக்கம். வெளியே வந்ததும் இறக்கிவிட வேண்டும். தங்கை இறக்கவில்லை. அவள் ஹெல்மெட்டுக்குக் காது மந்தம். யார் பேசினாலும் அமைதி என்று நினைத்துக்கொண்டு மேலே விழுந்து பேசும். துறைமுகத்தில் கிரேன்களின் கேமராக்களும் இதே அலைவரிசையில்தான் இருக்கின்றன. இது வாய் திறந்தால் ஓட்டுநரின் திரையில் படம் உறைந்து நிற்கும். எல்லோர் முன்னிலையிலும் நிற்கும். அக்கா சும்மா இருந்தால் போதும். வயிற்றெரிச்சல் சட்டென்று தணிந்தது.

அதோடு விட்டிருக்கலாம். சரியான அளவில் அது எப்படித் திணறுகிறது என்று பார்க்கும் ஆசை வந்தது. அளவை இறக்கிவிட்டு, தன் ஜோடியையும் எடுத்துக்கொண்டு மாடிக்குப் போய் இரண்டையும் ஓடவிட்டாள். முன்பிருந்த பளபளப்பு போய்விட்டது; ஆனாலும் தங்கையுடையதுதான் ஒரு படி மேலே இருந்தது. முறை கிடைத்த ஹெல்மெட் தான் பேசியதுபோக மிஞ்சிய நேரத்தைத் தன் இணை ஹெல்மெட்டுக்குக் கொடுத்துவிடுகிறது. பதில் சொல்ல அது புதிதாக வரிசையில் நிற்க வேண்டியதில்லை. விதி அதை அனுமதிக்கிறது. இத்தனை வருஷத்தில் அக்காவுக்கு அது தோன்றியதில்லை. வெகுநேரம் மாடியிலேயே நின்றாள். பிறகு அளவைப் பழையபடி உயர்த்தி, ஹெல்மெட்டுகளை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டாள்.

சோதனை நாள் காலை துறைமுகத்து மேசையில் இருவரின் ஹெல்மெட் பெட்டிகளும் இருந்தன.

"தோத்துட்டு அழக் கூடாதுக்கா, சொல்லிட்டேன்" என்றாள் தங்கை, ஹெல்மெட் வாரை இழுத்தபடி.

"ரூம்ல ஏத்தின அளவை இறக்கினியாடி?"

தங்கையின் கை நின்றது. லேப்டாப்பைத் திறந்து பார்த்தாள். கிரேன்களை ஒருமுறை நிமிர்ந்து பார்த்துவிட்டு, அவசரமாகத் தட்டித் திருத்தினாள். பிறகுதான் அவளுக்கு உறைத்தது.

"என் செட்டை நீ எப்பப் பார்த்த?"

அக்கா தன் பெட்டியை அருகே இழுத்துக்கொண்டாள்.

"எவ்வளவு நாளா தெரியும் உனக்கு?"

அதற்குள் மேனேஜர் வந்துவிட்டார். "ஆரம்பிக்கலாமா? முதல்ல பெரியவங்க செட்."

அக்கா தன் பெட்டியின் மூடியைச் சாத்திக் கொக்கியை மாட்டினாள்.

"என்னோடது வேண்டாம் சார். இவளோடதை மட்டும் பாருங்க."

"ஏன், ரிப்பேரா?"

"இல்ல சார். நல்லாத்தான் இருக்கு."

பெட்டியைத் தூக்கிக்கொண்டு வண்டியை நோக்கி நடந்தாள். அது பெருந்தன்மை என்று தங்கை இன்றும் சொல்லிக்கொண்டிருக்கிறாள். மேனேஜர் பயம் என்கிறார். கணவர் ஒரே ஒருமுறை ஏன் என்று கேட்டார். துணி காய்ந்துவிட்டதா என்று பார்த்துவரச் சொன்னாள். அன்று அலுவலக மாடியில் இரண்டையும் ஓடவிட்டுக் கண்டதை மட்டும் அவள் யாரிடமும் சொல்லவில்லை.