அளவக்காவின் உடம்பு

உள்ளாடை தைக்கிற அந்தக் கம்பெனியில் அவளுக்கென்று ஒரு மிஷின் கிடையாது, மேசை கிடையாது. உடம்புதான் அவள் வேலை. புது மாடல் எதுவானாலும் முதலில் அவள் போட்டுப் பார்க்க வேண்டும். அவளுக்குக் கச்சிதமாக உட்கார்ந்தால்தான் அதை வைத்து மற்ற சைஸ்களை வெட்டுவார்கள். அதனால் வாட்ச்மேன் முதல் முதலாளி வரை எல்லோருக்கும் அவள் அளவக்காதான். "ஊர்ல பாதிப் பொம்பளைங்க என் அச்சுலதான் நடமாடுறாங்க" என்று கொஞ்சம் அலட்டிக்கொள்வாள். அலட்டட்டுமே, பொய்யா சொன்னாள்?

கட்டிங் மாஸ்டர் வயதானவர், பரம சங்கோஜி. அவர் விரல் நுனிகூட அவள் மேல் பட்டதில்லை. தள்ளி நின்று, "எங்கம்மா இழுக்குது? எங்க லூசு?" என்று கேட்பார். அவள் சொல்லச் சொல்லக் காகிதத்தில் கோட்டை மாற்றுவார். டேப்பைச் சுற்றி எண்ணைப் படித்துச் சொல்வதும் அவளேதான். அந்த வாய்ச்சொல்லை நம்பித்தான் அங்கே கத்தரியே ஓடியது.

அப்புறம் ஒரு காய்ச்சல் வந்தது பாருங்கள், ஆளையே உருக்கிவிட்டது. எழுந்து நடமாடியபோது கை தேறியது, இடுப்பு தேறியது, மார்பு மட்டும் காற்றுப் போன பலூனாகத் தொங்கியது. கண்ணாடி முன்னால் நின்று வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

"எனக்கு நீ எப்படி இருந்தாலும் சரிதான்" என்றார் வீட்டுக்காரர்.

"உங்களுக்குச் சரி. கம்பெனிக்குச் சரியா இருக்க வேண்டாமா?" என்று எரிந்து விழுந்தாள்.

விஷயம் தெரிந்தால் மறுநாளே வேறு அளவக்கா வந்துவிடுவாள். தைக்கவோ வெட்டவோ இவளுக்குத் தெரியாது. இந்த உடம்பைத் தவிர வேறு கைத்தொழில் இல்லை. அதனால் ஒரு காரியம் செய்தாள். கம்பெனிக் கழிவிலிருந்தே ஃபோம் துண்டுகளைப் பொறுக்கி, வட்டமாக நறுக்கி, உள்ளே வைத்துக்கொண்டு போய் நின்றாள். டேப் பழைய எண்ணையே காட்டியது. மாஸ்டர் வழக்கம்போல எங்கே இழுக்கிறது என்று கேட்டார். ஃபோமுக்கு இழுத்தால் என்ன, குத்தினால் என்ன? "எங்கயும் இல்ல மாஸ்டர், அம்சமா இருக்கு" என்றாள் பாவி.

மூன்று மாதம் இப்படியே ஓடியது. போன சரக்கெல்லாம் மூட்டை மூட்டையாகத் திரும்பி வந்தது. பிராவின் அடிக்கம்பி அக்குளில் குத்துகிறதாம், சதை பக்கவாட்டில் பிதுங்குகிறதாம். முதலாளி எல்லோர் எதிரிலும் மாஸ்டரை நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டார். அடுத்த வாரம் வெளியிலிருந்து ஒரு அம்மா வந்து, தன் கையாலேயே டேப் பிடித்து எல்லாவற்றையும் புதிதாகச் சரிபார்ப்பார் என்று சொல்லிவிட்டுப் போனார்.

மறுநாளே அளவக்கா லீவு போட்டுவிட்டு, மார்பில் இம்ப்ளாண்ட் வைக்கிற டாக்டரம்மாவிடம் ஓடினாள். இயற்கையாக இருக்க வேண்டும், பார்ப்பவருக்குச் சந்தேகமே வரக்கூடாது, டேப்பும் பழைய எண்ணைக் காட்ட வேண்டும். இதுதான் அவள் கேட்டது.

டாக்டரம்மா இம்ப்ளாண்டுகளை மேசையில் பரப்பினார். உருண்டை ஒன்று, மேலே சரிந்து கீழே திரண்ட நீர்த்துளி மாதிரி ஒன்று, கெட்டி ஜெல், இளகிய ஜெல். அளவக்கா ஒவ்வொன்றையும் அழுத்திப் பார்த்தாள். மாதிரி அளவு ஒன்றை பிராவுக்குள் வைத்து, மேலே பனியனைப் போட்டுக் கண்ணாடியில் பார்த்தாள். அம்மாடி, பழைய அளவக்கா அப்படியே நின்றாள்!

"இதேதான் டாக்டர். இதையே வெச்சிடுங்க."

"கொஞ்சம் இருங்க. உங்க நெஞ்சு ஒடுக்கம், தோல் வேற மெலிசு. இதை உள்ள வெச்சா ஓரம் தெரியும், பந்தை ஒட்டின மாதிரி நிக்கும். உங்களுக்கு இயற்கையா அமையணும்னா இந்தச் சின்னதுதான், அதுவும் தசைக்கு அடியில."

"சின்னது வெச்சா டேப்புல பழைய எண் வருமா?"

"வராது. குறையும்."

"பெருசு வெச்சா?"

"எண் வரலாம். ஆனா பாத்தவுடனே தெரிஞ்சிடும்."

எண்ணைப் பிடித்தால் இயற்கை போகிறது, இயற்கையைப் பிடித்தால் எண் போகிறது. என்ன செய்வாள்? நாற்காலி நுனிக்கு வந்து டாக்டரின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"பெருசே வைங்கம்மா. நாளைக்கே வைங்க. அடுத்த வாரம் நான் நிக்கணும்."

"அடுத்த வாரமா? வீக்கம் வத்தவே நாளாகும். ஆரம்பத்துல மேல தூக்கிக்கிட்டு, கெட்டியா இருக்கும். இறங்கி, இளகி, உங்க உடம்பா ஆக மாசக்கணக்காகும். அவசரத்துக்கு மாட்டிக்கிற நகையா இது?"

"என் பொழப்பே போயிடும்மா!"

"அதுக்காக உங்க உடம்பைக் கெடுக்க முடியாதும்மா" என்று டாக்டர் மெதுவாகக் கையை விடுவித்துக்கொண்டார். வெளியே வந்தவள் பஸ் ஸ்டாப்பில் உட்கார்ந்து, வந்த பஸ்ஸையெல்லாம் விட்டாள். யார் பார்த்தால் என்ன என்று வாய்விட்டு அழுதாள்.

மறுநாள் வேறு வழி தெரியாமல், ஃபோமை வைத்துக்கொண்டே வேலைக்குப் போனாள். மாஸ்டர் தன் கத்தரிகளைத் துணியில் சுற்றிப் பைக்குள் வைத்துக்கொண்டிருந்தார்.

"என்ன மாஸ்டர், எங்க கிளம்பிட்டீங்க?"

"வேலைய விட்டுட்டேம்மா. தப்பு என்னோடதுதான்னு முதலாளிகிட்ட காலையில எழுதிக் குடுத்தேன். கண்ணு மங்கிப் போச்சு போல."

"நீங்க ஏன் மாஸ்டர்..."

"பின்ன? எண்ணு மாறல, நீயும் இழுக்கலைன்னுதான் சொன்னே. உன்னைத் தப்பு சொன்னா நாக்கு அழுகிடும்மா. உன்னைச் சோதிக்க ஒரு பொம்பளைய வரவழைக்கிறதுகூட எனக்குப் பிடிக்கல. அதான், ஆளு வேண்டாம், நானே போறேன்னுட்டேன்."

அளவக்காவால் அதற்கு மேல் தாங்க முடியவில்லை. திரும்பி நின்று, ரவிக்கைக்குள் கைவிட்டு, இரண்டு ஃபோம் வட்டங்களையும் எடுத்து வெட்டுமேசையில் போட்டாள். "உங்க கண்ணுக்கு ஒண்ணுமில்ல மாஸ்டர். நான்தான்..." என்று ஆரம்பித்தவள் மேசையிலேயே தலையைக் கவிழ்த்துக்கொண்டாள்.

மாஸ்டர் ஒரு வட்டத்தை எடுத்து இரண்டு விரலால் அழுத்திப் பார்த்தார். கம்பெனி ஃபோம்தான், அவரே வெட்டியதில் மிஞ்சியது.

"நேத்து சொல்லியிருக்கக் கூடாதாம்மா?" என்றார்.