நான்காம் பாராவைத் திருத்தக் கேட்டது

எனக்குக் கை முந்தும், வாய் பிந்தும். மலாயாவில் கம்யூனிஸ்டுகளை ஒடுக்கிய எமர்ஜென்சி காலத்தில், கோலசிலாங்கூரில் ஒரு சின்னக் கடையும் இரண்டு லோரிகளும் வைத்துப் பிழைத்த நாளில் அந்தக் குணத்தை ஆண்மை என்றே நினைத்திருந்தேன்.

சுங்கை பெசார் ஆலையில் அரிசி ஏற்றி, பத்தாங் பெர்ஜுந்தாயில் ஒரு தவுக்கேயின், அதாவது சீன முதலாளியின், கடையில் இறக்குவது வேலை. காட்டிலிருந்த கம்யூனிஸ்டுகளுக்கு ஒரு பிடி அரிசிகூடப் போகக் கூடாது என்பது சட்டம். அதனால் அரிசி லோரி தனியாகப் போகக் கூடாது. முன்னும் பின்னும் போலீஸ் வண்டிகளோடு கான்வாயில்தான் போக வேண்டும்.

அன்று வெள்ளிக்கிழமை. கான்வாய் எங்கள் ஊரிலிருந்து பன்னிரண்டரைக்குக் கிளம்பும் என்றார்கள். ஜும்ஆத் தொழுகை அதற்குப் பிறகு. என் டிரைவர் தமிழ்நாட்டுச் சொந்த ஊரில் என் பக்கத்துத் தெருக்காரன். ஏறி உட்கார்ந்து எஞ்சினை முடுக்கிவிட்டான்.

"பயணத்துல இருக்கறவனுக்கு ஜும்ஆ கட்டாயமில்ல முதலாளி. வழியில லுஹர் தொழுதுக்கறேன். கான்வாய் போயிரும் லா."

நான் பள்ளிவாசல் கமிட்டியில் இருந்தேன். பாங்கு சொல்லும் நேரத்தில் என் லோரி தெருவில் ஓடினால் நாலு பேர் என்ன சொல்வார்கள்? அவன் சட்டையைப் பிடித்துக் கீழே இழுத்துப் போட்டேன். முழங்கால் தாரில் தேய்ந்து ரத்தம் வந்தது.

"தொழுதுட்டுப் போடா. வெரசா ஓட்டுனா கான்வாயோட வாலப் புடிச்சிரலாம்."

தொழுதான். எனக்குப் பின் வரிசையில் நின்று தொழுதான். பிறகு தனியாகப் போனான்.

வழியில் ஈஜோக்குக்குக் கிட்டே ரப்பர் மரங்களை வெட்டி ரோட்டின் குறுக்கே போட்டிருந்தார்கள். தகவல் வந்து நான் போய்ச் சேர்ந்தபோது லோரி இன்னும் எரிந்துகொண்டிருந்தது. அரிசியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். அவனை இறக்கி, மண்டிபோட வைத்து, முகத்தில் சுட்டிருந்தார்கள். முகம் என்று சொல்ல ஒன்றும் மிச்சமில்லை. முழங்கால் சிராய்ப்பைப் பார்த்துத்தான், "இவன்தான்" என்று போலீஸிடம் சொன்னேன்.

அரிசி போனதற்குத் தவுக்கே என்மேல் கேஸ் போட்டார். கான்வாயில் அனுப்புவதாகத்தான் ஒப்பந்தம். கிள்ளானில் ஒரு வக்கீலைப் பிடித்தேன். "யார் தனியா போகச் சொன்னது?" என்று கேட்டார்.

"அவனாத்தான் போனான்," என்றேன்.

எதிர்வாதத்தின் நான்காம் பாராவில் அது ஏறியது: முதலாளியின் உத்தரவை மீறி, தன் சொந்த விருப்பத்தில், டிரைவர் கான்வாயை விட்டுத் தனியே சென்றார். கையெழுத்துப் போட்டுவிட்டு, வெளியே வந்து நன்றாகச் சாப்பிட்டேன்.

ஒரு மாதம் கழித்து அவன் மனைவி என் கடைக்கு வந்தாள். புருஷன் செத்து இத்தாவில் இருந்தவள், வீட்டு வாசலைத் தாண்டக் கூடாதவள், வெயிலில் நடந்து வந்திருந்தாள்.

"என்ன எழுதிக் குடுத்தீங்க? எங்க கொழுந்தனப் போலீஸ் புடிச்சிட்டுப் போயிட்டாங்க. உன் அண்ணன் வேணும்னே தனியா போயி அரிசியக் காட்டுக்குக் குடுத்தான், உனக்கும் பங்கு இருக்குன்னு போட்டு அடிக்கிறாங்க. கப்பலேத்தி ஊருக்கு அனுப்பப் போறாங்களாம். உங்க கோர்ட்டுத் தாளத்தான் காட்டுறாங்க!"

மேசையில் இருந்த எடைக்கல்லை எடுத்து வீசினாள். புருவம் கிழிந்தது. என்னை ஒருத்தி அடித்து நான் திருப்பி அடிக்காதது அன்றுதான்.

ரத்தத்தைத் துடைத்துக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போய், நான்தான் அனுப்பினேன் என்றேன். விசாரித்த அதிகாரி சிரித்தார். "தாள்ல ஒண்ணு, வாயில ஒண்ணா? கோர்ட்டுத் தாள மாத்திட்டு வா." உள்ளேயிருந்து ஓர் அலறல் கேட்டது. அந்தக் குரலை எனக்குத் தெரியும். சாப்பாட்டுக் கடையில் எனக்கு ரொட்டி போட்டுத் தந்த, டிரைவரின் தம்பியின் குரல் அது.

வக்கீலிடம் ஓடினேன். நான்காம் பாராவை அடித்துவிடச் சொன்னேன்.

"நெனச்சா அடிக்க முடியாது. தாக்கல் பண்ணுனதத் திருத்தக் கோர்ட்டு அனுமதி வேணும். அந்த எடத்துல உண்மை என்னன்னு எழுதணும், அதுக்கு நீங்க சத்தியம் பண்ணணும். கேஸ் தோத்துரும். எல்லாரும் ஜெயிக்கறதுக்குத்தான் திருத்துவாங்க."

கேஸ் தோற்பது பெரிதில்லை. அரிசி லோரியைத் தனியாக அனுப்பியது நான் என்று சத்தியம் பண்ணிவிட்டால் ஸ்டேஷனில் அடுத்த அறை எனக்கு. "யோசிச்சுச் சொல்றேன்" என்று வந்துவிட்டேன். மூன்று வாரம் யோசித்தேன். அந்த மூன்று வாரமும் அந்தத் தம்பி உள்ளே இருந்தான். இதை எழுதும்போதும் என் முகத்தில் நானே அறைந்துகொள்ள வேண்டும் போலிருக்கிறது.

பிறகுதான் சத்தியம் பண்ணினேன். தவுக்கேயின் வக்கீல் ஆட்சேபணை இல்லை என்று சொல்லி உட்கார்ந்துவிட்டார். அவருக்கு என்ன, கேஸ் அவர் மடியில் வந்து விழுந்தது. நீதிபதி விடவில்லை. துபாஷி மூலம் கேட்டார்.

"முதலில் எழுதியது பொய்யா?"

"பொய்."

"ஏன் எழுதினீர்?"

"செத்தவன் வந்து கேக்கவா போறான்னு நெனச்சேன்."

துபாஷி கொஞ்சம் தயங்கிவிட்டுத்தான் அதை மொழிபெயர்த்தார். அனுமதி கிடைத்தது. எதிர்த்தரப்புச் செலவு என் தலையில் விழுந்தது.

திருத்திய தாளை ஸ்டேஷனில் கொடுத்தேன். என்னை இரண்டு நாள் கேள்வி கேட்டுக் குடைந்து விட்டுவிட்டார்கள். அந்த வாரமே தம்பியையும் விட்டார்கள். கப்பல் பேச்சு அதோடு நின்றது. நகல் ஒன்றை எடுத்துக்கொண்டு அவன் வீட்டுக்குப் போனேன். கதவுக்கு அந்தப்பக்கம் அவன் அண்ணி நின்றாள். அவன் பாயில் உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் உட்கார்ந்து, வக்கீலின் குமாஸ்தா அடியில் தமிழில் எழுதித் தந்திருந்ததைப் படித்தேன். டிரைவரைத் தொழச் சொல்லி நிறுத்தியது முதலாளி. பிறகு தனியே போகச் சொன்னதும் முதலாளி. டிரைவர்மேல் எந்தக் குற்றமும் இல்லை.

அவன் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தான். கோபம் போல என்று நினைத்து இன்னும் சத்தமாகப் படித்தேன். என் உதடு அசைவதைப் பார்த்துத்தான் திரும்பினான்.

"அந்தக் காது போயிருச்சு முதலாளி. இந்தப் பக்கம் வந்து படிங்க."

எழுந்து, சுற்றிப் போய், அவனுடைய வலப்பக்கம் உட்கார்ந்து, முதலிலிருந்து படித்தேன்.