தலை எண்ணும் வேலை

எழுபதுகளில், கும்மிடிப்பூண்டியில் புதிதாக வந்த ஒரு பெயிண்ட் கம்பெனியில் நானும் என் வீட்டுக்காரரும் ஒரே கிடங்கில் வேலை பார்த்தோம். நான் டப்பாவுக்கு லேபிள் ஒட்டுவேன், அவர் மூட்டை தூக்குவார். தீப்பிடித்தால் ஆளாளுக்குக் கத்தக் கூடாது, ஒருவர்தான் உத்தரவு போடவேண்டும் என்று எங்களைப் பழக்க மெட்ராஸிலிருந்து ஒரு தீயணைப்பு அதிகாரி வந்தார். கிடங்கு ஆட்களைத் தலை எண்ணும் பொறுப்பை என்னிடம் கொடுத்து, கையில் சிவப்புப் பட்டை கட்டச் சொன்னார். பெண்களில் எனக்கு மட்டும்தான் பட்டை. தலைகால் புரியவில்லை எனக்கு.

ஒத்திகைக்குச் சங்கு ஊதியதும் எல்லோரும் வேப்பமரத்தடிக்கு ஓடிவந்தோம். பெயர் கூப்பிட்டால்தான் குரல் கொடுக்கவேண்டும். குரல் வராவிட்டால் ஆள் உள்ளே மாட்டிக்கொண்டார் என்று அர்த்தம். கடகடவென்று கூப்பிட்டு வந்தவள் என் வீட்டுக்காரர் பெயரில் நின்றுவிட்டேன். புருஷன் பெயரைச் சொன்னால் அவர் ஆயுசு குறையும் என்று வளர்ந்தவள் நான். இருமிவிட்டு அடுத்த பெயருக்குப் போனேன். அவரும் வாயே திறக்கவில்லை. மகா ஒழுங்கு!

“ஒரு ஆள் குறையுதே, யாரும்மா?” என்றார் அதிகாரி. நான் தலையைக் குனிந்துகொண்டேன். உள்ளே போய்த் தேடச் சொல்லி அதிகாரி விசில் ஊதிவிட்டார். ஸ்ட்ரெச்சரோடு முதலில் உள்ளே பாய்ந்தவர் என் வீட்டுக்காரர்தான். மூட்டை இடுக்கெல்லாம் தன்னையே தேடிவிட்டு, வியர்வை ஒழுக வந்து, “உள்ள யாரும் இல்ல சார்” என்றார்.

விஷயம் தெரிந்து எல்லோரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். அதிகாரி சிரிக்கவில்லை. “பேரைச் சொல்லலைன்னாதாம்மா ஆயுசு குறையும். நாளைக்கும் சொல்லலைன்னா பட்டையைக் கழட்டிக் குடுத்துடு.”

அழுகையும் ஆத்திரமுமாக வந்தது. பட்டையை விட எனக்கு மனசே இல்லை.

மறுநாளும் சங்கு ஊதியது. என் வீட்டுக்காரர் முறை வந்ததும் கண்ணை இறுக்க மூடிக்கொண்டு, ரயிலடி வரைக்கும் கேட்கிற மாதிரி அவர் பெயரைக் கத்தினேன். பதில் இல்லை. கண்ணைத் திறந்தால், மனுஷர் வாயைப் பிளந்து என்னையே பார்த்துக்கொண்டு நிற்கிறார். அதிகாரி விசிலை வாய்க்குக் கொண்டுபோய்விட்டார். பக்கத்தில் நின்றவர் விலாவில் இடித்த பிறகுதான் “உள்ளேன்” என்று முனகினார். பட்டை எனக்கே நின்றது.

சாயங்காலம் ஸ்டேஷனுக்கு நடக்கும்போது என் பக்கமே வந்துகொண்டிருந்தவர், ஆள் இல்லாத இடமாகப் பார்த்து மெதுவாகச் சொன்னார்.

“இன்னொரு தபா கூப்புடேன்.”

“தீப் புடிச்சா கூப்புடறேன், வாய்யா.”