டெல்ஃபினாவின் இடது கால்

நியூ மெக்சிகோவில் அந்தச் சின்ன ஊரின் பள்ளிக்கூட பஸ்ஸை ஓட்டியவள் டெல்ஃபினா அர்ச்சுலேட்டா. கனத்த உடம்பு, கணீரென்ற குரல். பனி கொட்டினாலும் புழுதிக் காற்று கண்ணை மறைத்தாலும் பஸ் நேரத்துக்கு வந்து நிற்கும். அவள் ஒரு அதட்டுப் போட்டால் பின்வரிசைப் பிள்ளைகள்வரை வாயை மூடிக்கொள்வார்கள். அப்படிப்பட்டவள் தன் இடது காலுக்குப் பயந்து வாழ்ந்தாள்.

அந்தக் காலில் ஆறு விரல். சுண்டுவிரலை ஒட்டி இன்னொரு சுண்டுவிரல். சிறுமியாக இருந்தபோது ஆற்றில் குளிக்கப் போன இடத்தில் கூட வந்த பெண்கள் பார்த்துவிட்டார்கள். "வாத்து, வாத்து" என்று கத்திக்கொண்டே வீட்டு வாசல்வரை துரத்தினார்கள். அன்றைக்கு மூடிய கால்தான். வெயில் காலத்திலும் சாக்ஸ், அதற்கு மேல் பூட்ஸ். அதன்பிறகு அந்தக் காலைக் கணவன் எல்ஃபெகோவைத் தவிர யாரும் பார்த்ததில்லை. அவனும் வெளியே மூச்சு விட்டதில்லை.

அந்த வசந்த காலத்தில், ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளைப் பழங்காலப் பாறைச் செதுக்கல்களைப் பார்க்கக் கூட்டிப்போக வேண்டியிருந்தது. வழக்கமாகப் போகும் டிரைவருக்கு முதுகுப் பிடிப்பு. டெல்ஃபினா போனாள். ஆசிரியர்கள் பிள்ளைகளோடு மேடேறிப் போக, இவள் ஸ்டியரிங்கில் சாய்ந்து, பச்சை மிளகாய் வைத்துச் சுருட்டிய புரிட்டோ ரொட்டியைத் தின்றுகொண்டிருந்தாள்.

திரும்பி வந்த கூட்டம் ஒரே கூச்சல்.

"மிஸ், மிஸ்! பாறையில ஒரு கால் இருக்கு. அதுல ஆறு வெரலு!"

"செதுக்குனவனுக்கு எண்ணவே தெரியல மிஸ்!"

பஸ்ஸே அதிரச் சிரித்தார்கள். டெல்ஃபினா சாவியை விட்டுவிட்டுப் பின்னால் திரும்பினாள்.

"எந்தக் காலு?" என்றாள்.

"இடது காலு மிஸ்."

அந்த வாரம் முழுக்க அவளுக்கு அந்தக் கல் கால்தான் நினைப்பு. சனிக்கிழமை காலை நாத்தனார் நெஸ்டோராவுக்குப் போன் போட்டாள். நெஸ்டோரா எலும்பும் தோலுமாக இருப்பாள், வாய் மட்டும் ஊரளவு.

"நீங்களா? மலைக்கா? தபால் பெட்டிவரைக்கும் போறதுக்கே காரை எடுக்கிற ஆளாச்சே அண்ணி."

"வர்றியா, இல்லியாடி?"

"வராம? உங்களைத் தூக்கிட்டு வர ஒரு ஆள் வேணாமா?"

பிள்ளைகள் ஓடியே முடிக்கிற தூரம்தான். டெல்ஃபினாவுக்கோ அது ஒரு யுகம். மணல் காலை உள்ளே இழுத்தது. இரண்டு பக்கமும் முள்ளுக்கள்ளி. வலது முட்டி ஒவ்வொரு அடிக்கும் முனகியது. ஜூனிப்பர் மரத்தடி ஒன்றையும் விடாமல் உட்கார்ந்து எழுந்தாள். நெஸ்டோரா தண்ணீர் பாட்டிலை நீட்டிக்கொண்டே, "இப்படியே போனா, செதுக்குனவனே இறங்கி வந்து காட்டிட்டுப் போயிடுவான்" என்றாள்.

கடைசியில் ஒரு வழுக்குப் பாறை. அதில் ஏறினால்தான் செதுக்கல்கள். டெல்ஃபினாவின் பூட்ஸ் அடி தேய்ந்து போயிருந்தது. ஏறினாள், சறுக்கினாள். மறுபடி ஏறி, மறுபடி சறுக்கி, உள்ளங்கையைச் சிராய்த்துக்கொண்டாள்.

"போதும் அண்ணி. நான் மேல போயி போட்டோ எடுத்துட்டு வந்து காட்டுறேன்."

டெல்ஃபினா அங்கேயே உட்கார்ந்து பூட்ஸ் கயிற்றை அவிழ்த்தாள். சாக்ஸை உருவினாள். வெயிலையே பார்க்காத இடது கால், மாவு போல வெளுத்துக் கிடந்தது.

நெஸ்டோரா குனிந்து பார்த்தாள்.

"எண்ணிக்கோ. ஆறுதான். சின்ன வயசுல வாத்து, வாத்துன்னு துரத்துனாளுங்க."

"இதையா இத்தனை வருஷமா மூடி வச்சிருந்தீங்க? எங்கண்ணன் வாங்கித் தந்த பூட்ஸ்னு அவ்வளவு பாசமாக்கும்னுல்ல நெனச்சேன்!" என்ற நெஸ்டோராவின் குரல் சட்டென்று இறங்கியது. "எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்ல அண்ணி. கேலி பண்ணுனவளுங்க ஒவ்வொருத்தி வீட்டு முன்னாடியும் போயி நின்னுருப்பேன்."

டெல்ஃபினா கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். சூடான பாறையை விரல்கள் கவ்விப் பிடித்தன. பாதியில் உடம்பு பின்னால் சாய, நெஸ்டோரா தோளைக் கொடுத்தாள்.

"தள்ளுடி!"

"தள்ளிட்டுத்தான இருக்கேன்! பஸ்ஸைத் தள்ற மாதிரி இருக்கு!"

ஒரு மூச்சு, இன்னொரு மூச்சு. மேலே வந்துவிட்டாள்.

கறுத்த பாறைச் சுவர் முழுக்கக் கொம்பு வைத்த ஆடுகள், சுருள்கள், கைகள். நடுவே, அவள் நெஞ்சுயரத்தில் இரண்டு பாதங்கள். வலது பாதத்தில் ஐந்து விரல். இடது பாதத்தில் ஆறு. அவளுக்கு இருக்கும் அதே இடத்தில் அந்த ஆறாவது. கல்லைக் கல்லால் கொத்திக் கொத்தி, புள்ளி புள்ளியாக எடுத்திருந்தார்கள்.

அவள் தொடவில்லை. பக்கத்து புவெப்லோ பழங்குடி ஜனங்களின் முன்னோர் செய்தது. இன்றும் சோளமாவு தூவிக் கும்பிட வருகிறார்கள். சுவருக்குக் கீழே தன் காலை வைத்து, மேலே பார்த்தாள், கீழே பார்த்தாள்.

"எண்ணத் தெரியலைன்னு பிள்ளைங்க சொல்லுச்சுங்க பாரு. வலது காலுல அஞ்சு போட்டிருக்கான். தெரிஞ்சுதான் செஞ்சிருக்கான்."

"கேலி பண்ணவா ஒருத்தன் இவ்வளவு பாடுபடுவான்?" என்றாள் நெஸ்டோரா. "யாரோ ரொம்ப வேண்டியவங்க காலு அண்ணி."

டெல்ஃபினா இரண்டு கையையும் தூக்கி, பஸ்ஸில் அதட்டும் அதே குரலில் "ஆறு!" என்று கத்தினாள். எதிர்ப்பாறை "ஆறு" என்றது. மறுபடி கத்தினாள். நெஸ்டோராவும் சேர்ந்துகொண்டாள். அடிவாரத்தில் யாரோ நாயோடு நடந்தவர்கள் நின்று அண்ணாந்து பார்த்தார்கள். பார்க்கட்டும் என்று இன்னும் ஓங்கிக் கத்தினார்கள் இருவரும்.

வீடு திரும்பியபோது முட்டி பூசணிக்காய் மாதிரி வீங்கியிருந்தது. எல்ஃபெகோ ஐஸ் வைத்துக் கட்டினான்.

"அழகா இருக்குன்னு நான் தலைபாடா அடிச்சுக்கிட்டேன், நம்பலை. கல்லு சொன்னா நம்புற."

"கல்லு பொய் சொல்லாதுய்யா."

திங்கட்கிழமை பள்ளி வாசலில் பஸ்ஸை நிறுத்தினாள். கதவைத் திறக்குமுன் பூட்ஸையும் சாக்ஸையும் கழற்றி, காலைத் தூக்கிப் படிக்கட்டுக் கம்பி மேல் வைத்தாள். பிள்ளைகள் ஒருத்தரை ஒருத்தர் முட்டிக்கொண்டு பார்த்தார்கள். சிரிப்புச் சத்தமே இல்லை. ஒரு சிறுமி மெதுவாக, "மிஸ், எங்களுக்கும் அந்த மாதிரி வருமா?" என்று கேட்டாள்.

"பொறக்கும்போதே வாங்கிட்டு வரணும்டி" என்றாள் டெல்ஃபினா, கதவைத் திறந்துவிட்டபடி.

ஜூன் மாதத்துப் புனித யோவான் திருவிழாவுக்கு அவள் சிவப்புச் செருப்பு போட்டு வந்தாள். நகச்சாயம் பூசிவிட்ட நெஸ்டோரா, பார்த்தவர்களிடமெல்லாம் எங்க அண்ணி, எங்க அண்ணி என்று சொல்லிக்கொண்டு திரிந்தாள். டெல்ஃபினா கிடார் சத்தம் கேட்ட பக்கமாக எல்ஃபெகோவை இழுத்துக்கொண்டு நடந்தாள்.