வேல்விழிக்குத் திறந்த வீடு

ஏழாயிரம்பண்ணைப் பக்கத்துப் பட்டாசு ஆலை ஒன்றில் போன சித்திரையில் ஓர் அறை வெடித்தது. மறுநாள் செய்தியில் ‘மருந்து உராய்வு’ என்று போட்டார்கள். எங்கள் பக்கம் எந்த விபத்துக்கும் அதைத்தான் எழுதுவார்கள், மருந்து தானாக எழுந்து உராய்ந்துகொண்டதைப்போல. நாலு பேர் உட்கார வேண்டிய அறையில் அதைப்போல மூன்று மடங்கு ஆட்களை அடைத்து, ஆர்டர் அவசரம் என்று விரட்டியதை யாரும் எழுதவில்லை.

அந்த அறையிலிருந்து பிழைத்து வந்தவள் வேல்விழி. முகத்தில் ஒரு பாதியும் இரண்டு கைகளும் வெந்துபோயிருந்தன. மதுரை ஆஸ்பத்திரியில் பல வாரங்கள் கிடந்துவிட்டு, கணவன் பாண்டிராஜோடு வாடகை வீட்டுக்குத் திரும்பினால், கதவில் புதுப் பூட்டு. “பிள்ளைக பயப்படுதுக, வேற இடம் பாருங்க” என்று வீட்டுக்காரர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். பாத்திரமும் பாயும் வாசலில் கிடந்தன.

அதே ஆலையில் பக்கத்து அறையில் திரி வைக்கும் சின்னத்தாய் அது தெரிந்ததும் நேராக அங்கே வந்தாள். புருஷன் இல்லாதவள். மகளைக் கட்டிக்கொடுத்தபின் அவளிடம் மிஞ்சியிருந்தது இரண்டு அறை கொண்ட காரை வீடு ஒன்றுதான். பாயைச் சுருட்டிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டாள்.

“வா தாயி. என் வீட்டு உள்ரூம்பு சும்மாதான் கெடக்கு.”

சும்மா கிடக்கவில்லை. மின்விசிறி இருந்த ஒரே அறை அது. அவள் தூங்கும் அறை. அன்றிலிருந்து அதை வேல்விழிக்கும் பாண்டிராஜுக்கும் விட்டுவிட்டு அவள் அடுப்படியில் படுத்தாள்.

ஞாயிறு தவறாமல் கோயிலுக்குப் போகும் கிறிஸ்தவச்சி சின்னத்தாய். வேல்விழியோ உள்ளே வந்ததும் இருக்கன்குடி மாரியம்மன் படத்தைச் சுவரில் மாட்டினாள். சபையிலிருந்து பெண்கள் சிலர் வந்து பார்த்துவிட்டு, “அந்தப் பிள்ள ஞானஸ்நானம் எடுத்துக்கிட்டா சபையில எதாவது உதவி கேட்டுப் பாக்கலாம்” என்றார்கள்.

“வெந்த கைக்கு மருந்து போட அதெல்லாம் எதுக்கு? சும்மா குடுக்க மனசிருந்தா குடுங்க. இல்லன்னா காபி குடிச்சிட்டுப் போங்க” என்றாள் சின்னத்தாய். அவர்கள் காபியும் குடிக்கவில்லை.

அடுத்து வந்தவர் ஜெயசிங். அந்த ஆலையை உள்குத்தகைக்கு எடுத்து நடத்தியவர் அவர்தான். எங்கள் சபைக்கு மூப்பரும் அவரே. ஆஸ்பத்திரிப் பக்கம் ஒருநாள்கூட எட்டிப் பார்க்காத மனிதர், இப்போது காரை நிறுத்தி இறங்கி வந்தார்.

“ஏ சின்னத்தாயி, அவுக இங்கன இருந்தா வக்கீலு வருவான், அதிகாரி வருவான். அந்தப் புள்ள சும்மா இருக்காது, எத்தன பேர் உள்ள இருந்தாகன்னு சொல்லும். அனுப்பிரு. நாளைக்கு ஒனக்கு வேல வேணும்ல?”

“எனக்குப் படியளக்கிறவரு நீங்கன்னா நெனச்சீக அண்ணாச்சி?”

மறுநாள் காலை ஆலை வேன் அவளைத் தாண்டிப் போனது, கை காட்டியும் நிற்கவில்லை. அச்சங்குளம் பக்கத்து ஆலைகளில் போய் வேலை கேட்டாள். அங்கேயும் ஜெயசிங் சொல்லி வைத்திருந்தார். கடைசியில் வேலிக்கருவேலம் வெட்டிக் கரிமூட்டம் போடும் இடத்துக்குப் போனாள். சாயங்காலம் தலை முதல் கால் வரை கரியோடு வருவாள்.

“எங்களால உங்களுக்கு இம்புட்டுக் கஷ்டம். பயமா இல்லையா அத்த?” என்று வேல்விழி அழுதாள்.

“பயமில்லன்னு யாரு சொன்னா? அரிசிப்பானையத் தொறந்தா பயந்தான். அதுக்காக ஒன்னயத் தெருவுல விடவா? ஆண்டவர் பாத்துக்கிடுவாருன்னு தெனம் கும்புடுதேன். அத மெய்யாச் சொல்லணும்ல.”

ஐப்பசியில் கோயிலில் அறுப்பின் பண்டிகை வந்தது. காணிக்கையாக வந்த பூசணிக்காயை ஜெயசிங் ஊர் வாய் பிளக்கும் விலைக்கு ஏலம் எடுத்தார். கோபுரத்துக்குப் புது மணியும் வாங்கித் தருவதாக அறிவித்தார். ஜனங்கள் கை தட்டினார்கள். கொடுக்கிறவனின் பாக்கியத்தைப் பற்றிப் போதகர் பேசத் தொடங்கும்போது சின்னத்தாய் எழுந்தாள்.

“ஐயா, மணி மெதுவா வரட்டும். அண்ணாச்சி கம்பெனியில வெந்த கை ரெண்டு எங்க வீட்டுல இருக்கு. அதுக்கு என்ன குடுத்தாருன்னு மொதல்ல கேளுங்க.”

“ஆண்டவர் வீட்டுல வந்து சண்டையா?” என்று கத்தினார் ஜெயசிங்.

“ஆண்டவர் வீடுன்னுதான் இங்க கேக்கேன். ஒங்க வீட்டுல நாயையில்ல கட்டியிருக்கீக!”

போதகர் பைபிளை மூடிவிட்டு, ஜெபம் பண்ணுவோம் என்றார். நியாயம் கேட்டால் கண்ணை மூடச் சொல்லும் அந்த ஜெபத்துக்கு எத்தனை பேர் ஆமென் சொன்னார்களோ தெரியாது. நான் சொல்லவில்லை.

மணி வந்துவிட்டது. ஜெயசிங் பெயரும் அதில் இருக்கிறது. பழைய ஆலைக்குக் கடைசியில் சீல் வைத்தார்கள், அவரோ மச்சினன் பெயரில் வேறொன்று எடுத்து நடத்துகிறார். வழக்கு வாய்தா வாய்தாவாக இழுக்கிறது. ஆனால் சாட்சி சொல்ல விருதுநகருக்குப் போன அன்று, வேல்விழி முகத்தை மூடியிருந்த துப்பட்டாவை எடுத்துவிட்டு, வெடித்த அறைக்குள் இருந்தவர்கள் ஒவ்வொருவர் பெயரையும் சொன்னாள். செத்தவர்கள் பெயரையும் சேர்த்துத்தான். ஜெயசிங்கின் வக்கீல் இரண்டு முறை குறுக்கிட்டும் அவள் நிறுத்தவில்லை. கரி வேலைக்கு லீவு போட்டுவிட்டு வந்திருந்த சின்னத்தாய் கூட்டத்தின் நடுவே நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.