சன்னலில் ஒட்டிய விளக்குத் திருடி

என் படக்கதையை யாராவது நன்றாக இருக்கிறது என்று சொன்னால், இவருக்கு என்னிடம் என்ன காரியம் ஆக வேண்டியிருக்கிறது என்றுதான் எனக்கு முதலில் தோன்றும். சுபாவம் அப்படி. பிறவியிலேயே வந்ததா, யுத்த காலத்தில் சாந்தோமில் இருந்ததால் ஒட்டிக்கொண்டதா, தெரியாது. அந்த நாட்களில் ஊரே ஒருவரையொருவர் ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தது. ஜப்பான்காரன் குண்டு போடப் போகிறான் என்று பாதிப் பட்டணம் மூட்டை கட்டிக் கிளம்பிவிட்டது. கடற்கரையில் ஒருத்தன் பீடி பற்றவைத்தால்கூட கப்பலுக்குச் சைகை காட்டுகிறான் என்றார்கள். எங்களுக்குப் போக்கிடம் இல்லை. போர்த்துகீசியர் காலத்திலிருந்து எங்களுக்கு இதே தெரு, இதே மாதா கோயில், இதே கல்லறைத் தோட்டம். அதனால் இருந்துவிட்டோம்.

வீட்டில் மூன்றே பேர். பள்ளிக்கூட வாத்தியாரான அப்பா, அப்பாவின் அக்கா, நான். அம்மா நான் சிறுமியாக இருக்கும்போதே போய்ச் சேர்ந்துவிட்டாள். வீட்டை ஆண்டது கல்யாணமாகாத அத்தைதான். நான் ஆசிரியப் பயிற்சிக்கு மயிலாப்பூர் வரை நடந்து போய் வந்துகொண்டிருந்தேன்.

போகிற வழியில், குளத்துக்குப் பக்கத்தில் ஒரு பழைய பேப்பர் கடை இருந்தது. பட்டணத்தில் முகாம் போட்டிருந்த வெள்ளைக்காரச் சிப்பாய்கள் படித்துவிட்டுப் போடும் பொம்மைப் புத்தகங்கள் எப்படியோ அங்கே வந்து சேரும். காமிக்ஸ் என்ற சொல்லெல்லாம் அப்போது எங்களுக்குத் தெரியாது. கடைக்காரர் அவற்றைக் கிழித்துக் கடலை மடிக்கக் கொடுப்பதற்குள் நான் பொறுக்கி எடுத்துவிடுவேன். கட்டம் கட்டமாகப் படம். ஆட்களின் வாயிலிருந்து புகை மாதிரி வட்டம் கிளம்பும், பேச்சு அதற்குள் இருக்கும். ஒரு கட்டத்தில் ஓங்கிய கை அடுத்த கட்டத்தில் விழுந்திருக்கும். நடுவில் இருக்கும் வெள்ளை இடைவெளியில்தானே அடி விழுந்தது? அதை யார் பார்த்தார்கள்? நான் பார்த்தேன்! அந்தக் கிறுக்கு இந்த வயதிலும் தெளியவில்லை.

நானே ஒன்று வரைய ஆரம்பித்தேன். காகிதம் கிடைக்காத காலம். அப்பாவின் பழைய பரீட்சைத் தாள்கள் பரணில் கட்டுக்கட்டாகக் கிடந்தன. ஒரு பக்கம் பையன்களின் கணக்கு, மறுபக்கம் வெறுமை. அந்த வெறுமையில்தான் என் கதை. அடையாற்று முகத்துவாரத்தில், தண்ணீருக்கு அடியில் ஒரு கோட்டை. அதில் ஒரு பொல்லாதவள். ஊர் விளக்குகளை ஒவ்வொன்றாகத் திருடி முந்தானையில் முடிந்துகொள்வாள். அவளை எதிர்த்துத் தியாகராய நகரிலிருந்து ஒரு துணிச்சல்காரப் பெண் கிளம்புகிறாள்.

அந்தப் பொல்லாதவளுக்கு அத்தையின் முகத்தைத்தான் கொடுத்திருந்தேன். கூர் மூக்கு, இறுக்கிய வாய், முகவாயில் மரு, எதுவும் பாக்கியில்லை. பின்னே? விளக்கணைப்பு உத்தரவு வந்ததிலிருந்து அத்தை பொழுது சாய்ந்ததும் வீடு முழுக்க நடந்து ஒவ்வொரு விளக்கையும் அணைப்பாள். நான் ஒரு கட்டத்தைக்கூட முடித்திருக்க மாட்டேன்.

"குண்டு உன் தலையிலதான் விழணுமா? போய்ப் படு" என்பாள்.

எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வரும். மறுநாள் அவள் மூக்கை இன்னும் கொஞ்சம் நீட்டிவிடுவேன்.

வரைந்த தாள்களைப் பரீட்சைத் தாள் கட்டுக்கு நடுவிலேயே செருகி வைத்தேன். கணக்குத் தாளை யார் புரட்டப் போகிறார்கள் என்று நினைப்பு. ஒருநாள் எடுத்துப் பார்த்தால் நடுவில் சில தாள்கள் இல்லை. எலி என்றால் கடித்த துணுக்காவது கிடக்க வேண்டும். அடுத்த வாரம் இன்னும் சில காணோம். மிஞ்சியவற்றை வரிசையாகப் பரப்பிப் பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது. துணிச்சல்காரப் பெண் வரும் தாள்கள் பத்திரமாக இருந்தன. பொல்லாதவள் வரும் தாள்கள் மட்டுமே போயிருந்தன.

யாரோ முகத்தை அடையாளம் கண்டுகொண்டு எடுத்திருக்கிறார்கள். யார்? அப்பாவாக இருந்தால் அன்றைக்கே கூப்பிட்டு உட்காரவைத்து ஒரு பிரசங்கம் வைத்திருப்பார். அத்தையாக இருந்தால் வீடு இரண்டுபட்டிருக்கும். அவள்தான் வாயே திறக்கவில்லையே! அதுதான் எனக்குப் பயம். கொஞ்ச நாளாக அவள் போக்கும் சரியில்லை. குழம்பு ஊற்றும்போது என் முகத்தையே பார்ப்பாள். ஒருமுறை காரணமில்லாமல் எனக்கு இன்னொரு மீன் துண்டு வைத்தாள். வாழ்நாளில் செய்யாத காரியம். இது எதற்கு அச்சாரம் என்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

வெளியிலும் எல்லாம் விபரீதமாகத்தான் இருந்தது. எங்கள் வாசற்கதவு சந்துப் பக்கம் பார்த்திருக்கும். கூடத்துச் சன்னல் பின்பக்கமாகக் கடற்கரைச் சாலையைப் பார்த்திருக்கும். அந்தப் பக்கம் எனக்கு வேலையில்லை. அந்தச் சன்னலுக்கு வெளியே ஆட்கள் நிற்கும் சத்தம் கேட்க ஆரம்பித்தது. குசுகுசுவென்று பேச்சு, பிறகு சிரிப்பு. எட்டிப் பார்க்க வழியில்லை. குண்டு விழுந்து கண்ணாடி சிதறினால் கண்ணில் பாயும், வெளிச்சமும் கசியும், ஆகவே கண்ணாடியில் இரண்டு அடுக்காகக் காகிதம் ஒட்ட வேண்டும் என்று உத்தரவு. அத்தை கஞ்சி காய்ச்சி, அப்பாவின் பரீட்சைத் தாள்களை உள்பக்கமிருந்து அப்பியிருந்தாள். கூடத்தில் உட்கார்ந்தால் யாரோ ஒரு பையன் தப்பாகப் போட்ட வட்டிக் கணக்குதான் கண்ணில் படும். சன்னல் சட்டத்து இடுக்கில் கண்ணை வைத்துப் பார்த்த அப்பா, விளக்கணைப்பைக் கண்காணிக்கும் தெரு வார்டன் சன்னலையே முறைத்துக்கொண்டு நிற்கிறான் என்றார்.

"வெளிச்சம் ஏதாவது கசியுதா?" என்று அத்தையிடம் கேட்டார்.

"ஒண்ணும் கசியல" என்றாள் அத்தை. அவள் உதட்டோரம் ஏதோ ஓடியது.

குப்பத்திலிருந்து கூடையோடு வரும் மீன்காரம்மா ஒருநாள் என்னை வழிமறித்தாள்.

"இன்னாம்மா, ஊட்ல ராணிம்மா நல்லா கீறாங்களா?"

"எந்த ராணி?"

அவள் கூடையைத் தூக்கிக்கொண்டு சிரித்தபடியே போய்விட்டாள். முகத்துவாரத்தைக் கோட்டை, வழி, படகுத்துறை என்று விவரமாக வரைந்திருக்கிறேனே, என் தாள்கள் வார்டன் கையில் சிக்கி, எதிரிக்குப் படம் போட்டுக் கொடுக்கிறவள் என்று நினைத்துவிட்டானோ? மிச்சமிருந்த தாள்களையெல்லாம் என் பெட்டியில் சேலைக்கு அடியில் வைத்துப் பூட்டினேன். வரைவதையும் நிறுத்தினேன். கைக்கு வேலையில்லாமல் இரவெல்லாம் விரல்கள் குறுகுறுத்தன.

இப்படியே சில வாரம் போனது. ஒரு சாயங்காலம் வார்டன் வாசற்கதவைத் தட்டினான். அப்பா வீட்டில் இல்லை. நான்தான் கதவைத் திறந்தேன்.

"அம்மா, கோச்சுக்காதீங்க" என்றான். "அந்த வெளக்குத் திருடி கதை அப்பால இன்னா ஆச்சு? கொஞ்ச நாளா புச்சா ஒண்ணியும் ஒட்டல. மீன்காரம்மாங்களுக்கு நான்தான் படிச்சுச் சொல்லிக்கினு கீறேன். டெய்லி கேக்கறாங்க."

அவனைத் தள்ளாத குறையாக விலக்கிக்கொண்டு வீட்டைச் சுற்றி ஓடினேன்.

சன்னல் முழுக்க அத்தை இருந்தாள். அத்தை அலைமேல் நிற்கிறாள். அத்தை முந்தானையில் விளக்கை முடிகிறாள். அத்தை ஊரை முறைக்கிறாள். தாள்களைப் படம் வெளியே தெரியும்படி கண்ணாடியில் ஒட்டி, அதன் முதுகில் கணக்குத் தாளை இன்னொரு அடுக்காக ஒட்டியிருந்தாள். நான் உள்ளே உட்கார்ந்து வட்டிக் கணக்கைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, என் கதையைத் தெருவே படித்துக்கொண்டிருந்திருக்கிறது.

திரும்பினால், அத்தை பின்னால் நிற்கிறாள். கையில் துடைப்பம். அடி விழப் போகிறது என்று கண்ணை மூடிக்கொண்டேன்.

"இந்த வட்டத்துக்குள்ள நான் என்ன சொல்றேன்?" என்று கேட்டாள்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அத்தைக்கு எழுத்து தெரியாது. வீட்டில் தம்பியைப் படிக்க வைத்தார்கள், அக்காவை அடுப்படியில் வைத்தார்கள். பூசைப் புத்தகத்தை அவள் வெறுமனே கையில் பிடித்திருப்பாளே தவிர, புரட்ட மாட்டாள்.

"வார்டன்கிட்ட கேட்க வேண்டியதுதானே?" என்றேன்.

"ஆம்பளகிட்ட போய், நான் என்ன பேசறேன்னு நானே கேட்கவா? நீ படி."

நான் சமாளித்தேன். "ஏழைகளே, அஞ்சாதீர்கள், உங்கள் விளக்கைப் பத்திரமாக வைத்திருந்து தருகிறேன்னு இருக்கு" என்றேன்.

அத்தை படத்தை உற்றுப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வை எனக்கு நன்றாகத் தெரியும். முகக்கண்ணாடியில் நான் தினமும் பார்க்கிற, யாரையும் நம்பாத பார்வை அது.

"பொய். இந்த மூஞ்சி அப்படிப் பேசுற மூஞ்சியா? நெசத்தப் படி."

தொண்டையைச் செருமிக்கொண்டு படித்தேன். "ஊரையே இருட்டாக்குவேன். எவள் என்னைத் தடுப்பாள் பார்க்கிறேன்."

அத்தை வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அவள் சிரித்து நான் பார்த்ததேயில்லை. "ஆங், இதுதான் சரி" என்றாள். இன்னொரு கட்டத்தைக் காட்டினாள், படித்தேன். இன்னொன்று. வார்டன் தள்ளி நின்று மரியாதையாகக் கேட்டுக்கொண்டிருந்தான்.

"கடைசில இவளுக்கு என்ன ஆகுது?"

"இன்னும் வரையல. அந்தப் பொண்ணு இவளைக் கடல்ல தள்ளிடுவா. செத்துப்போயிடுவா."

அத்தையின் சிரிப்பு நின்றது. சேலைத் தலைப்பால் கண்ணாடியில் படிந்திருந்த உப்பைத் துடைத்தாள். அவள் முகம் இருந்த இடத்தை மட்டும்.

"இந்த வீட்டுல என் படம் ஒண்ணுகூடக் கிடையாது. உங்கப்பன் கல்யாணத்துல ஃபோட்டோ எடுத்தப்போ நான் அடுப்பங்கரையில இருந்தேன், யாரும் கூப்பிடல" என்றாள். பிறகு என் பக்கம் திரும்பாமலே சொன்னாள்: "சாகப் போறவளை யாராவது இவ்வளவு பெருசா வரைவாங்களா? நீ யோசிச்சு வரை."

அன்று இரவு சன்னலுக்குக் கறுப்புத் துணி தொங்கவிட்டு, சிம்னி விளக்கை அவளே ஏற்றி என் முன்னால் வைத்தாள். பக்கத்தில் உட்கார்ந்து முகத்தை அசைக்காமல் காட்டினாள்.

யுத்தம் முடிந்து சன்னல் காகிதத்தைச் சுரண்டியபோது அதிலிருந்த என் தாள்கள் ஒன்றுகூட முழுசாகத் தேறவில்லை. அதன்பிறகு அந்தக் கதையை வாழ்நாளெல்லாம் திரும்பத் திரும்ப வரைந்திருக்கிறேன். புத்தகமாகவும் வந்துவிட்டது. பொல்லாதவளுக்குத் தண்டனையே கிடையாதா, முடிவு தப்பு என்று வாசித்தவர்கள் குறை சொல்கிறார்கள். ஒவ்வொரு முறையும் அவளைக் கரை விளிம்பு வரை கொண்டுபோய் நிறுத்துகிறேன். அடுத்த கட்டத்தை வரையும்போது அவள் வீட்டுக்குத் திரும்பி வந்துகொண்டிருக்கிறாள்.